ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் வளர்கிறார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 அன்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காமை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமை, முகம் பார்த்துச் சிரிக்காமை, ஒன்றரை வயதுக்கு மேல் பேசிய சொற்களும் நின்றுபோதல் என ஆரம்ப அடையாளங்களை எளிய தமிழில் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். எங்கோ ஓர் இளம் தாய் அதைப் படித்துவிட்டுத் தன் குழந்தையைத் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருப்பார் என்று நம்புகிறேன். எனக்கு அப்படியொரு கட்டுரை கிடைக்கவில்லை. ‘ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்’ என்ற வீட்டுப் பெரியவர்களின் சொல்லை நம்பி ஓராண்டை இழந்த பிறகு, 2009-இல்தான் என் மகனுக்கு ஆட்டிசம் இருப்பது உறுதியானது. அப்போது அவனுக்கு 3 வயது; இப்போது 19. கட்டுரையில் வந்த குழந்தை 2 வயதோடு நின்றுவிட்டது என்பதும், அதற்குப் பிந்தைய வயதுகளைப் பற்றி ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் யாருமே எழுதுவதில்லை என்பதும்தான் இக்கடிதத்தை எழுதத் தூண்டின.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியிலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. அது வாழ்நாள் முழுவதும் உடன் இருக்கும். ஆனால் வெளியே தெரியும் விதம் வயதுக்கு வயது மாறும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அடையாளங்கள் குழந்தைப் பருவத்திலேயே இருந்தாக வேண்டும், ஆயினும் பிறரோடு பழக வேண்டிய கட்டாயம் ஒருவரின் திறனை மிஞ்சும் வரை அவை முழுமையாகத் தெரியாமல் போகலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் பின்னாளில் மறைக்கப்பட்டும் இருக்கலாம் என்று அது சொல்கிறது. ஒருவருக்கு எவ்வளவு ஆதரவு தேவை என்பதை மூன்று நிலைகளாகப் பிரித்துவிட்டு, அந்த நிலையும் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறக்கூடியது என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறது. பெற்றோர்களாகிய நாங்கள் இதைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே வீட்டில் பார்த்துவிடுகிறோம். பார்த்ததற்குப் பெயர் வைக்கத்தான் தெரிவதில்லை. ஓர் அடையாளம் மறைந்தால் ‘சரியாகிவிட்டது’ என்று கொண்டாடுகிறோம், புதிதாக ஒன்று தோன்றினால் ‘முற்றிவிட்டது’ என்று இடிந்துபோகிறோம். இந்த இரண்டு தவறுகளையும் நான் செய்திருக்கிறேன்.

3 வயதில் என் மகன் பாத்திர மூடிகளைத் தரையில் சுழலவிட்டு, அவை நிற்கும் வரை தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பான். ‘தண்ணி வேணுமா?’ என்று கேட்டால் அவனும் ‘தண்ணி வேணுமா?’ என்பான், அதுதான் அவன் தண்ணீர் கேட்கும் முறை என்பது புரிய எனக்குப் பல மாதங்கள் ஆயின. பேச்சுப் பயிற்சியும், அன்றாடச் செயல்களுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் தொடர்ந்ததில் 6 வயதுக்குள் சிறுசிறு வாக்கியங்கள் வந்தன, கைகளை உதறுவது குறைந்தது, அழைத்தால் திரும்பிப் பார்த்தான். உறவினர்கள் கோயிலுக்கு வேண்டுதலை நிறைவேற்றச் சொன்னார்கள். தெரபியைக் குறைத்துக்கொண்டோம். அந்த முன்னேற்றம் உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ‘முழுமையாகக் குணப்படுத்துகிறோம்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள், வளர்ச்சியினாலும் பயிற்சியினாலும் வரும் இந்த மாற்றத்தைத்தான் தங்கள் மருந்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள் என்பதைப் புதிதாக இப்பாதைக்கு வரும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள் பெரிய தொல்லையின்றிக் கழிந்தன. அந்த வயதுக்கு வேண்டியது எழுத்தும் எண்ணும். அவை இரண்டும் அவனுக்குப் பிடித்தவை. நான்காம் வகுப்புக்கு வந்தபோது பிற பிள்ளைகளின் பேச்சு மாறிவிட்டது. கேலி, ரகசியம், கூட்டணி, சொல்லாமல் சொல்வது என்று நட்பின் இலக்கணமே வேறாகிவிட்டது. ஒரு நாள் ஆசிரியர் ஒருவர் வகுப்பைப் பொதுவாக அதட்டி, ‘முதுகுல டின் கட்டிடுவேன்’ என்று சொல்லியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டு அமைதியானார்கள். என் மகன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி முதுகைத் தடவித் தடவிப் பார்த்தான். அடுத்த மூன்று நாட்கள் பள்ளிக்குப் போகவில்லை. சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருள் மட்டுமே கொள்ளும் இந்த இயல்பு 3 வயதிலும் அவனிடம் இருந்திருக்கும். ஆனால் 3 வயதுக் குழந்தையிடம் யாரும் மறைபொருளில் பேசுவதில்லை ஆதலால் அது வெளியே தெரியவில்லை. கையேடு சொல்லும் ‘திறனை மிஞ்சும் கட்டாயம்’ என்பது நடைமுறையில் இப்படித்தான் வருகிறது. அந்த ஆண்டில் அவனுக்கு வேண்டியிருந்தது பேச்சு வரவைக்கும் பயிற்சி இல்லை, பேச்சின் உட்பொருளை விளக்கிச் சொல்ல ஓர் ஆள். எங்கள் பயிற்சித் திட்டமோ 5 வயதில் எழுதப்பட்டது. அதை யாரும் திருத்தவில்லை.

வளரிளம் பருவத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் எங்களைப் போன்ற குடும்பங்கள் பெரும்பாலும் தனித்துவிடப்படுவது அப்போதுதான். பெரும்பாலான தெரபி மையங்கள் சிறு குழந்தைகளை மனத்தில் வைத்தே நடத்தப்படுகின்றன. நாற்காலிகள் சிறியவை, சுவரில் பூக்களும் பூனைக்குட்டிகளும். மீசை அரும்பிய பையன் உள்ளே நுழைந்தால் மற்றத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை அணைத்துக்கொள்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவள்தான்.

என் மகனுக்கு வளையல் என்றால் உயிர். 5 வயதில் பேருந்தில் பக்கத்தில் அமரும் பெண்களின் வளையலைத் தொட்டு ஆட்டிப் பார்ப்பான். அவர்கள் சிரித்துக்கொண்டே கையைக் கொடுப்பார்கள், சிலர் கன்னத்தைக் கிள்ளி முத்தமும் கொடுப்பார்கள். 14 வயதில், ஸ்ரீரங்கத்திலிருந்து செல்லும் 1-ஆம் எண் பேருந்தில், அதே போல் ஒரு பெண்ணின் வளையலைத் தொட்டான். அந்தப் பெண் அவனை அறைந்தார். பேருந்து முழுவதும் எங்களைத் திட்டியது. அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ‘வளையல் அம்மா அடிச்சிட்டாங்க, வளையல் அம்மா அடிச்சிட்டாங்க’ என்று வீடு வரும் வரை அவன் சொல்லிக்கொண்டே வந்ததுதான் இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் செய்தது மாறவில்லை, அவன் உடல்தான் வளர்ந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்களைத் தொடக் கூடாது என்பதையும், தன்னைப் பிறர் எங்கே தொடக் கூடாது என்பதையும் 5 வயதிலேயே சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். இத்தகைய குழந்தைக்கு ஒன்றைக் கற்றுக்கொடுக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்னும்போது, 15 வயதில் தேவைப்படப்போவதை 5 வயதில் ஆரம்பித்தால்தான் அது கைக்கு வரும். இதை என்னிடம் எந்த மையமும் சொல்லவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி. 13 வயதில் திடீரென்று இடது கன்னத்தில் தானே ஓங்கி அறைந்துகொள்ள ஆரம்பித்தான். சாப்பாட்டைத் தள்ளிவிட்டான், இரவில் உறங்கவில்லை. நாங்கள் காட்டிய மருத்துவமனையில், இந்த வயதில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இப்படித்தான் முரட்டுத்தனமாக மாறுவார்கள் என்று சொல்லி, அமைதிப்படுத்தும் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். ஏழு வாரங்கள் கழிந்து, பல் துலக்கிவிடும்போது வாயைத் திறந்து வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைவாய்ப் பல் குழிவிழுந்து ஈறு வீங்கியிருந்தது. பல் மருத்துவர் அதைச் சரிசெய்த நான்காம் நாளில் அறைந்துகொள்வது நின்றது. பேசத் தெரிந்த பிள்ளைதான், ஆனால் வலிக்கிறது என்ற உணர்வைச் சொல்லாக்க அவனால் இயலவில்லை. ஆட்டிசம் என்ற ஒரு பெயர் ஒட்டப்பட்டுவிட்டால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் எல்லாமே அந்தப் பெயருக்குள் மறைந்துபோகின்றன. வளர்ந்த பிள்ளையின் நடத்தை திடீரென்று மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் மருத்துவரிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

வலிப்பு நோயைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும், குழந்தைப் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு முறையும் வளரிளம் பருவத்தில் மறுமுறையும் அந்த ஆபத்து கூடுகிறது என்பதும் மருத்துவ உலகம் நன்கு அறிந்தவை. கை கால் வெட்டி இழுப்பது மட்டுமே வலிப்பு என்று நினைத்துவிடுகிறோம். சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி உறைந்து நிற்பதும் வலிப்பாக இருக்கலாம். அதையும் ‘அவன் எப்பவும் அப்படித்தான்’ என்று தள்ளிவிடுகிறோம்.

பெண் குழந்தைகளின் நிலை வேறு. நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற கணக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. ஆனால் எத்தனையோ பெண் பிள்ளைகள் அடையாளம் காணப்படாமலேயே போகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், தோழிகள் எப்படிச் சிரிக்கிறார்கள், எப்போது தலையாட்டுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்து, பள்ளியில் ‘அமைதியான, அடக்கமான பிள்ளை’ என்று பெயர் வாங்கினாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் இருட்டறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு இரண்டு மணி நேரம் கிடப்பாள். 16 வயதில் கடுமையான மனச்சோர்வுக்காக மருத்துவரிடம் சென்றபோதுதான் ஆட்டிசம் தெரியவந்தது. பெண் பிள்ளை அடக்கமாக இருப்பதை நாம் பாராட்டும் சமூகத்தில், அவள் படும் பாடு பாராட்டுக்குள்ளேயே புதைந்துபோகிறது. மற்றொரு பக்கம், பேச்சே வராத பெண் பிள்ளைக்கு மாதவிடாய் தொடங்குவதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே நாப்கின் அணிந்து பழக்குவதும், படங்கள் வைத்து விளக்குவதும், நாள்காட்டியில் குறிக்கப் பழக்குவதும் அவசியம் என்று சொல்லித்தர எத்தனை ஊர்களில் ஆள் இருக்கிறார்கள்?

மாற்றம் எப்போதும் பெரிதாகி வருவதில்லை, உள்ளடங்கியும் வரும். 6 வயதில் ஆட்டோ வழக்கமான தெருவை விட்டு வேறு தெருவில் திரும்பினாலே என் மகன் இருக்கையிலிருந்து சரிந்து விழுந்து அலறுவான். பேருந்துகளும் அவற்றின் எண்களும் அவனுக்கு உலகம். 2025-இல் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூர் புதிய முனையத்துக்கு மாற்றப்பட்டபோது அவன் அலறவில்லை. பேச்சைக் குறைத்தான், இரவெல்லாம் கூடத்தில் நடந்தான், இரண்டு வாரங்களில் நன்றாக மெலிந்துவிட்டான். மாறாமை வேண்டும் என்ற அதே பிடிவாதம்தான், 19 வயதில் மனப்பதற்றமாக வந்திருந்தது. அலறல் இல்லாததால் உறவினர்கள் ‘பக்குவமாகிவிட்டான்’ என்றார்கள். அவனைப் பஞ்சப்பூருக்கு நேரில் அழைத்துப் போய், எந்த ஊர்ப் பேருந்து எங்கே நிற்கிறது என்று அவன் கையாலேயே ஓர் அட்டவணை எழுதவைத்து, அதைச் சுவரில் ஒட்டிய பிறகுதான் சரியாக உண்டான்.

இந்த இடத்தில் வரலாற்றிலிருந்து ஒரு செய்தி. 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனியொரு நிலையாக முதன்முதலில் விளக்கப்பட்டது. அதில் முதலாவதாக இடம்பெற்ற சிறுவன், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். அவரும் என் மகனைப் போலப் பொருள்களைச் சுழலவிட்டவர், எண்களில் மூழ்கியவர். அவரை ஒரு விவசாயத் தம்பதி சில காலம் தங்கள் பண்ணையில் வைத்திருந்தார்கள். எதையாவது எண்ணிக்கொண்டே இருந்த அந்தச் சிறுவனை அவர்கள் தடுக்கவில்லை. சோள வரிசைகளை உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். 1971-இல் கானர் அந்த 11 பேரும் என்ன ஆனார்கள் என்று தேடி மீண்டும் எழுதினார். டொனால்ட் வங்கியில் வேலை செய்துகொண்டிருந்தார். அரசுக் காப்பகங்களில் அடைக்கப்பட்ட பிள்ளைகளோ இருந்த திறன்களையும் இழந்திருந்தார்கள். டொனால்ட் தன் சொந்த ஊரில், கோல்ஃப் ஆடிக்கொண்டும் ஊர் ஊராகப் பயணம் செய்துகொண்டும் வாழ்ந்து, 2023-இல் 89 வயதில் மறைந்தார். ஆட்டிசத்தை முதலில் விளக்கிய மருத்துவருக்கே அந்தக் குழந்தைகள் வளர்ந்த பின் என்ன ஆனார்கள் என்று தேடிப் போகத் தோன்றியிருக்கிறது. நம் அரசுத் துறைகளுக்கும் ஊடகங்களுக்கும் அது ஏன் தோன்றக் கூடாது?

நம் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. என் மகனுக்கு முதல் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கியபோது நடைமுறையில் இருந்த 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற வகையே கிடையாது. ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்றுதான் எழுதிக்கொடுத்தார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டு, அவற்றில் ஆட்டிசத்தையும் ஏற்றது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அரசு வேலைவாய்ப்பில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றுக்கும் பல்வகைக் குறைபாட்டுக்கும் சேர்த்து ஒரு சதவீதம் என்றெல்லாம் அதில் உண்டு. 38-ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம், ஒரு குழு அதை மதிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் எங்களுக்குத் தரப்படுவது குறைபாடு எத்தனை சதவீதம் என்ற கணக்கு மட்டுமே. இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகளுக்கு மதிப்பெண் போட்டு, 70 முதல் 106 வரை லேசானது, 153 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது என்று பிரிக்கிறார்கள். சான்றிதழுக்கு அந்த எண் தேவைதான். பேருந்தில் தனியே போகத் தெரியுமா, பணத்தை எண்ணிக் கொடுப்பானா, வலிக்கிறது என்று சொல்வானா, தாய் இல்லாத ஒரு நாளை எப்படிக் கழிப்பான் என்ற கேள்விகளுக்கு அந்த எண்ணில் விடை இல்லை. போதாக்குறைக்கு, அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்கு ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று மொழிபெயர்ப்பு வைத்திருக்கிறார்கள். திருச்சியின் பேருந்து எண்களையெல்லாம் மனத்தில் வைத்திருக்கும் பிள்ளையைப் புற உலகச் சிந்தனை இல்லாதவன் என்று எழுதிய தாளில் நான் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று இதன் வழியாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

18 வயது ஆனதும் இன்னொரு வாசல் மூடுகிறது. அதுவரை தாயின் கையெழுத்தில் நடந்த எல்லாவற்றுக்கும் சட்டப்படி அவனே பொறுப்பாகிவிடுகிறான். சுயமாக முடிவெடுக்க இயலாத நிலையில் இருப்பவர்களுக்கு, 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம் என்பதை நான் வங்கி ஊழியர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். பள்ளி முடியும் 17 வயதிலேயே பள்ளியிலிருந்தோ சான்றிதழ் வழங்கும் இடத்திலிருந்தோ ஒரு கடிதம் வந்திருந்தால் போதும். நாங்கள் ஏழு மாதங்கள் அலைந்திருக்க வேண்டாம்.

அரசை நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமன்று. மாவட்டங்களில் ஆரம்பநிலைத் தலையீட்டு மையங்கள் இருக்கின்றன, மாற்றுத்திறனாளிகளுக்கான ‘விழுதுகள்’ சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனமே இருக்கிறது. பள்ளியில் சேரும்போது, ஆறாம் வகுப்புக்குப் போகும்போது, பருவ வயதில், பள்ளி முடிக்கும் முன் என நான்கு கட்டங்களிலாவது ஒவ்வொரு பிள்ளையையும் மீண்டும் அழைத்துப் பார்த்து, இந்த வயதுக்கு இவனுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொடுங்கள். அதில் சதவீதம் வேண்டாம், தேவைகள் இருந்தால் போதும்.

என் மகன் இப்போது உறவினர் ஒருவரின் அச்சகத்தில் காலை 10 மணி முதல் 1 மணி வரை வேலை செய்கிறான். பில் புத்தகங்களில் வரிசை எண்கள் விடுபடாமல் இருக்கின்றனவா என்று தாள் தாளாகப் புரட்டிப் பார்ப்பது அவன் பொறுப்பு. சென்ற மாதம் ஒரு புத்தகத்தில் 4718-க்குப் பிறகு 4720 வந்திருந்ததை அவன்தான் கண்டுபிடித்தான். எந்திரச் சத்தம் அதிகமாகும்போது காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவியும், சற்று நேரம் தனியே உட்கார மாடிப்படியோரம் ஒரு ஸ்டூலும் கொடுத்திருக்கிறார்கள். அவனுக்கு இந்த வயதில் தேவைப்படும் ஆதரவு இவ்வளவே. 30 வயதில் வேறாக இருக்கும்.

தங்கள் நாளிதழ் அடுத்த ஏப்ரல் 2 அன்று 15 வயதுப் பிள்ளையைப் பற்றி ஒரு கட்டுரையும், 25 வயது இளைஞரைப் பற்றி ஒரு கட்டுரையும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு விவரம் தேவைப்பட்டால் திருச்சியில் எங்களைப் போன்ற தாய்மார்கள் பலர் இருக்கிறோம். எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி.